வைஃபை தகவி காணப்படவில்லை

வைஃபை தகவி காணப்படவில்லையாம். நேத்துப் பொழுதோட வரைக்கும் இதே பெட்டிக்குள்ள குந்திக்கிட்டு ஊரு ஒலகத்து நாயத்தையெல்லாம் கொண்டாந்து கொட்டிக்கிட்டிருந்த சாமான், நான் விண்டோஸைத் தொடைச்சுப் போட்டு லினக்ஸை ஏத்துனதும் காணாமப் போயிருச்சாம். எங்கடா போகும்? கால் மொளைச்சுப் போயிக் கெணத்துல குதிச்சிருச்சா? மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு என்ற மக நித்திலாவுக்குக் கல்யாணம். மெல்போர்ன்ல. அங்க மத்தியானம் மூணரைன்னா இங்க காலைல பத்து. பதிவாளர் முன்னால கையெழுத்து, மாலை மாத்தறது, போட்டோ, மொத்தமே அரை மணி நேரத்துச் சோலி. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் அவங்கவங்க வீட்டுலேர்ந்தே பாக்கறதுக்கு வீடியோ லிங்க்கு ஒண்ணு அனுப்பியிருக்கறா. எல்லாருக்கும் வாட்ஸப்புல போட்டிருக்கறா, எனக்கு மட்டும் மெயில்ல. மெயில்ல அதுக்கு மேல ஒரு வரி இல்ல. அப்பான்னு கூட எழுதல. வெறும் லிங்க்கு. அதை அமுக்கறதுக்கு நெட்டு வேணும், நெட்டுக்குத் தகவி வேணும். தகவின்னா அடாப்டர். எங்க குழுவுல அந்த வார்த்தைக்கு ஓட்டுப் போட்டவன் நான்தான். பதினாறு வருஷத்துக்கு முந்தி, பாலிடெக்னிக்குல லேப் இன்ஸ்ட்ரக்டரா இருந்தப்ப, லினக்ஸைத் தமிழ்ல கொண்டாந்தே தீரணும்னு ஏழு பேரு சேந்துக்கிட்டு வரி வரியா மொழிபெயர்த்தோம். 'காணவில்லை'ன்னு போட்டா நாய் தொலைஞ்சு போன வெளம்பரமாட்ட இருக்குது, 'காணப்படவில்லை'தான் மரியாதைன்னு மூணு நாள் மெயில்ல சண்டை கட்டி ஜெயிச்சேன். ஜெயிச்சு என்னத்தைக் கண்டேன்? அந்தத் தமிழை வெச்சுக் கம்ப்யூட்டர் ஓட்டறவன் இந்த ஈரோட்டுல ஒருத்தன் இருப்பானா? நானே ஓட்டல. ஊரூராக் காலேஜ் காலேஜாப் போயி, கட்டற்ற மென்பொருள், உள்ள எழுதியிருக்கறதை எவனும் பாக்கலாம், திருத்தலாம்னு தொண்டை கட்டக் கட்டப் பேசிட்டு, வீட்டுக்கு வந்து விண்டோஸைத் தொறந்து மெயில் பாத்துக்கிட்டிருந்தேன். கேட்டா, பாப்பா படிப்புக்கு வேணும்னு சொல்லிக்குவேன். பாப்பா படிச்சு முடிச்சுக் கப்பலேறிப் போயே ரெண்டு வருஷமாச்சு.

சரி, பதறக் கூடாது. ஒவ்வொண்ணாப் பாக்கலாம். கருப்புத் தெரையத் தொறந்து, பெட்டிக்குள்ள யாரு யாரு இருக்கறீங்கன்னு கேக்கற கட்டளைய அடிச்சேன். வைஃபை அட்டை இருக்குது. பேரு, நம்பரு, செஞ்ச கம்பெனி எல்லாஞ் சொல்லுது. இருக்கற சாமானை இல்லைன்னு சொல்றதுல நம்ம மொழிபெயர்ப்புக்கு என்ன மரியாதை பாரு. அடுத்த கட்டளைய அடிச்சா, பொடி எழுத்துல சரசரன்னு ஓடற வரிகளுக்கு நடுவுல ஒத்தை வரி செவப்பா நிக்குது. ஃபர்ம்வேர் கோப்பு இல்லையாம். அட்டைய உசுப்பி எழுப்பி விடற கோப்பு அது. அதை அந்தக் கம்பெனிக்காரன் மூடி முத்திரை வெச்சுத்தான் குடுப்பான், உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு எவனும் பாக்க முடியாது, திருத்த முடியாது. அதனாலயே எங்களையாட்ட ஆளுக அதைக் கையில தொட மாட்டம். ஊர்ல உள்ளவனெல்லாம் வம்பே வேண்டாம்னு அந்த மூடின கோப்புகளையும் சேத்து வெச்ச லினக்ஸாப் பாத்து ஏத்திக்கறான், அரை மணி நேரத்துல பாட்டுக் கேக்கறான். நான் அப்படி ஏத்துவனா? நான் யாரு! மூடின கோப்பு ஒண்ணே ஒண்ணு கூட இல்லாத சுத்தமான பதிப்பாத் தேடித் தேடி எறக்கி வெச்சிருந்தேன். நெம்பச் சுத்தம். இப்பச் சுத்தபத்தமா உக்காந்திருக்குது, ஒரு வேலையுஞ் செய்யாம. அந்தக் கோப்பு இப்ப வேணும்னா நெட்டுலதான் எறக்கணும். நெட்டு வேணும்னா அந்தக் கோப்பு வேணும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சும்மாவா சொன்னாங்க. சரி, ஒயரை மாட்டி இழுக்கலாம்னா ஒயர் சொருகற ஓட்டை போன சித்திரை மழைல இடி விழுந்து செத்துப் போச்சு. என்ற சம்சாரம் கலாமணியோட போனை மாட்டுனா அஞ்சு நிமிசத்துல நெட்டு வரும், அந்தப் போன் அவகூடவே பொறப்பட்டுப் போயிருச்சு. என்றது பொத்தான் போன். பேசலாம், கேக்கலாம், டார்ச் அடிக்கலாம். ஸ்மார்ட் போன் வாங்க மாட்டேன், அது நம்மள உளவு பாக்குதுன்னு மேடை போட்டுச் சொன்னவனாச்சே. என்னைய உளவு பாத்து எவன் என்ன தெரிஞ்சுக்கப் போறான்? அரிசி என்ன விலைக்கு வாங்கறேன்னா?

கலாமணி எட்டு இருவதுக்குக் கெளம்பினா. அரக்குப் பட்டு. தலை நெறையப் பூவு. மக கல்யாணத்துக்கு மண்டபத்துல முன்னால நிக்கறதுக்குன்னு எடுத்து வெச்சிருந்த சீலை அது, எனக்குத் தெரியும். நேத்து மத்தியானம் சோத்துக்கு உக்காந்தப்ப, ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னா. "ஏனுங்க, போன்ல பாத்தா மூஞ்சியெல்லாஞ் சுண்டக்காயாட்டத் தெரியுது. நாளைக்கு நம்ம கம்ப்யூட்டர்லயே போட்டுக் குடுங்க. நீங்க பாக்காட்டிப் போங்க, உள்ள போயி உக்காந்துக்குங்க. எனக்குப் போட்டு மட்டுங் குடுங்க." நான் "ம்"ன்னேன். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்னு எனக்கே வெளங்கல. அவ பொழுதோட பூ வாங்கறதுக்கு மார்க்கெட்டுக்குப் போனா. நான் பென்டிரைவைச் சொருகினேன். வட்டு முழுக்கத் துடைச்சுவிடவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அடிச்சேன். உறுதியான்னு கேட்டுச்சு. உறுதின்னு அடிச்சேன். காலைல அவ வந்து தெரையப் பாத்தா. அதுவரைக்கும் நித்திலா வெச்சுட்டுப் போன மலைப்படம் இருந்த எடத்துல வெறும் சாம்பல் கலரு. "இன்னைக்கின்னு பாத்தாங்க?"ன்னா. "அப்டேட் நின்னுபோச்சு புள்ள, பழைய விண்டோஸ்ல இனி பாதுகாப்பு இல்ல"ன்னு ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்துனா. "நீங்க பாக்க வேண்டாம்னா பாக்காம இருங்க. அதுக்குக் கம்ப்யூட்டரை எதுக்குங்க கொன்னீங்க?" அவ்வளவுதான். சத்தங் கூடப் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். செருப்பை மாட்டிக்கிட்டு ரெண்டு வீதி தள்ளியிருக்கற அவ தங்கச்சி சுலோச்சனா வீட்டுக்குப் போயிட்டா. அடுப்புல எனக்கு இட்லி இருக்குதாம். போற போக்குல அதையுஞ் சொல்லிட்டுத்தான் போனா, அதான் எனக்குத் தாங்கல.

சுலோச்சனா வீட்டுல டிவியில போட்டுப் பாக்கறாங்க. ஏழெட்டு ஒறம்பரை, கேசரி, காப்பி. சுலோச்சனா புருஷன் சென்னியப்பன், என்ற சகலை, நம்ம ஆளுக சங்கத்துல வட்டத் துணைத்தலைவரு. வெள்ளை வேட்டி, காருக்குப் பின்னால சங்கத்துப் பேரு, மாநாடுன்னா ரெண்டு வேன் ஆளுக ஏத்திட்டுப் போவாரு. முப்பது வருஷமா அவரைப் பாத்து நான் சிரிச்சிருக்கறேன், என்ன மனுஷன் இவரு, எந்தக் காலத்துல இருக்கறாருன்னு. நித்திலா ஒரு பையனை விரும்பற நாயம் வெளிய வந்தப்ப இவருதான் குதிக்கப் போறாருன்னு எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. நானும் பாத்துக்கிட்டிருந்தேன். உள்ளதைச் சொல்லோணும்னா, இவரு குதிச்சா நான் குதிக்காமயே காரியம் ஆயிரும்னு காத்துக்கிட்டிருந்தேன். அந்த மனுஷன் என்ன சொன்னாரு? "அட விடுங்க சகல, புள்ளைக நல்லா இருந்தாப் போதும், நம்மளென்ன நூறு வருஷமா இருக்கப் போறோம்." அன்னைக்கிலேர்ந்து அவரு வீட்டுப் படி நான் மிதிக்கல. அவரு தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். இங்கேர்ந்து பொடி நடையாப் போனாப் பத்து நிமிசம். இப்பக் கெளம்பினாக் கூடப் போயிர்லாம். போயி? வாங்க சகலன்னு எந்திரிச்சு நாற்காலி போடுவாரு. கேசரி குடுப்பாங்க. எல்லாரும் டிவிய விட்டுப்போட்டு என்ற மூஞ்சியப் பாப்பாங்க, அழுகறானா, கறுவறானான்னு. அதுக்கு இந்தச் செவப்பு வரியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். அடுப்புல இட்லி ஆறுது. எந்திரிச்சுப் போயித் திங்கவுந் தோணல. ஒம்போதே கால்.

எதுக்குச் செஞ்சேன்? அப்டேட் நிக்கப் போகுதுன்னு விண்டோஸ்காரன் அறிவிச்சு நெம்ப மாசமாச்சு. தெரைக்கு நடுவுல பெரிய பெட்டியாக் காட்டினான், நான் பெருக்கல் குறிய அமுக்கி அமுக்கி மூடிக்கிட்டிருந்தேன். இத்தன மாசம் இல்லாத அவசரம், மக கல்யாணத்துக்கு மொத நாள் பொழுதோட ஆறு மணிக்கு எங்கேர்ந்து வந்துச்சு? சொல்லிக்கறதுக்கு ஒரு காரணம் இருந்தாப் போதும் எனக்கு. பாக்கோணும்னுதான் இருந்தேன், கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம். வைஃபை கெடைக்கலைன்னு சொன்னா எவனும் மேல கேக்க மாட்டான், எல்லாரு வீட்டுலயும் நடக்கறதுதானே. காரணம் கண்டுபுடிக்கறதுல என்னைய மிஞ்ச ஆள் கெடையாது. ஆனா அப்படி நெனைச்சுத்தான் செஞ்சேன்னா, எதுக்கு இப்பக் காலைல ஆறு மணிலேர்ந்து இந்தச் சனியனோட மல்லுக்கட்டறேன்? வேண்டாம்னு கொன்னதை எதுக்கு மூச்சுக் குடுத்து எழுப்பப் பாக்கறேன்? பயம். என்ன பயம்? அவ அந்த மாலையோட இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறப்ப நான் அங்க இல்லாமப் போயிருவேனோன்னு பயம், இருந்துட்டாலும் பயம். அந்த லிங்க்குல யாரு யாரு வந்திருக்கறாங்கன்னு பேரு பேராக் காட்டும். சித்தி, சித்தப்பா, காலேஜுப் புள்ளைக, பக்கத்து வீட்டு டீச்சரு. என்ற பேரைத் தேடுவாளா மாட்டாளா. தேட மாட்டா. அவளும் என்ற புள்ளதானே, அழுத்தக்காரி.

இளமாறன். அந்தப் பையன் பேரு அது. நித்திலாகூடக் கோயமுத்தூருக் காலேஜுல படிச்சவன். ஊரடங்கு தளர்ந்த சமயத்துல, இவ மாடி ரூம்புல உக்காந்து வீட்டுலேர்ந்தே வேலை பாத்துக்கிட்டிருந்தப்ப, ஆபீசுக் கம்ப்யூட்டர் எதையோ கொண்டாந்து குடுக்கறேன்னு வந்தான். கறுத்த, ஒசரமான பையன், கண்ணாடி. வந்து உக்காந்ததும் சொன்னான், "சார், நீங்க மொழிபெயர்த்த லினக்ஸைத்தான் சார் நான் ஹாஸ்டல்ல போட்டிருந்தேன். நாலு வருஷம் தமிழ்லயே ஓட்டினேன்." எனக்கு எப்படியிருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பொய்யான்னு பாக்கறதுக்கு ரெண்டு கேள்வி கேட்டேன். பொய்யில்ல. எங்கெங்க வார்த்தை ஒடைஞ்சு நிக்குது, எந்தப் பட்டியல்ல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு வெரல் விட்டு எண்றான். ஏழு பேரு ரெண்டு வருஷம் ஒழைச்சதைப் படிச்ச ஒரே ஒருத்தன் என்ற வீட்டு நாற்காலியில வந்து உக்காந்திருக்கறான். ரெண்டு மணி நேரம் பேசினோம். நான் பேசினேன், அவன் கேட்டான். கலாமணி காப்பி குடுத்தா. குழுவுல நானும் சேந்துக்கலாங்களா சார்னு கேட்டான். தாராளமான்னு சொல்ல வாயெடுத்தவன், எடையில ஒண்ணு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, நாக்கு தானாக் கேக்குது, எங்கப்பன் கேப்பான், அவங்கப்பன் கேட்டிருப்பான். "தம்பிக்கு எந்த ஊரு?" "காங்கயத்துக்குப் பக்கத்துல சார்." "அங்க எங்க? ஊருக்குள்ளயா?" அவன் சிரிச்சான். கோவமில்லாத சிரிப்பு, இந்தக் கேள்வி எங்க போயி நிக்கும்னு தெரிஞ்ச சிரிப்பு. "இல்லீங்க சார். காலனி." அப்பறமும் கொஞ்ச நேரம் பேசினேன். பேசினேன்னு நெனைக்கறேன். கலாமணி ரெண்டாவது காப்பி கொண்டாந்தா, எனக்கு வெளிய ஒரு சோலி இருக்குதுன்னு எந்திரிச்சுட்டேன். குழுவுல சேரறதுக்கு மெயில் போடுங்க பாக்கலாம்னு சொன்னேன். போட்டான். ரெண்டு தடவை போட்டான். நான் பதில் எழுதல. எந்திரிச்சப்ப மாடிப்படியில நித்திலா நின்னுக்கிட்டிருந்தா, தண்ணிச் சொம்போட. அவ எவ்வளவு நேரமா நின்னான்னு நான் கேக்கல.

அப்பறம் ரெண்டு வருஷங் கழிச்சு, வெளிநாடு போறதுக்கு முந்தி, இவனைத்தான் கட்டிக்கப் போறேன்னு நேரா வந்து சொன்னா. நான் ஜாதின்னு ஒரு எழுத்து வாயில எடுக்கல. எடுப்பனா? பையனுக்கு வேலை நெரந்தரமில்ல கண்ணுன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே வயசாயிப் போச்சேன்னேன். போயிப் படிச்சு முடி, அப்பறம் பாக்கலாம், என்ன அவசரம்னேன். அம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு இருக்குதுன்னேன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமோ. ஒவ்வொண்ணுக்கும் அவ பதில் வெச்சிருந்தா, பதில் சொல்லச் சொல்ல நான் அடுத்ததை எடுத்துப் போட்டேன். கடைசியில அவ சொன்னா, "அப்பா, ஜாதின்னு சொல்லிருங்கப்பா. வெளிப்படையாச் சொன்னீங்கன்னா சண்டையாவது போட்டுக்கலாம்." "நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல நித்திலா"ன்னேன். "தெரியும்பா. அதான் கஷ்டமா இருக்குது"ன்னா. அவ்வளவுதான், அதுக்கப்பறம் விமானத்துல ஏறுன வரைக்கும் எங்கிட்டப் பேசினதெல்லாஞ் சாப்புட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அந்த மாதிரி. அங்க போனப்பறம் அதுவுமில்ல. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு யாரும் பாக்க முடியாத கோப்பு மனுஷனை அடிமையாக்கும்னு நான் பேசாத காலேஜ் இல்ல. நானே அப்படியொரு மூடின கோப்புதான்னு இப்ப மேடையில சொன்னாக் கை தட்டுவாங்க. தூ.

ரெண்டு வீதி தள்ளி மண்டபத்துல நாயனம் கேக்குது. தை மாசம், எவன் வீட்டுலயோ முகூர்த்தம். ஒம்போது முப்பத்தஞ்சு. சரி, இனி யோசிச்சு ஆகறதுக்கு ஒண்ணுமில்ல. பீரோவுக்கு மேல ஒரு தகர டப்பா இருக்குது, அதுக்குள்ள ஒரு நீலப் பென்டிரைவ் இருக்குது. இருக்குதுன்னு காலைல ஆறு மணிக்கே எனக்குத் தெரியும். காலேஜுகளுக்கு லினக்ஸ் ஏத்திக் குடுக்கப் போவோமில்ல, ஞாயித்துக்கெழமை முகாமு, அங்க பாதிப் புள்ளைக லேப்டாப்புல வைஃபை வராது. காலைல ஒரு மணி நேரம் மூடின கோப்போட கெடுதலைப் பத்திப் பேசிப்போட்டு, மத்தியானம் புள்ளைக அழுகற மாதிரி நின்னா, யாருக்குந் தெரியாம இந்த நீலத்தைச் சொருகி அதே கோப்பை ஏத்தி விட்டிருவேன். மேடையில ஒண்ணு, ஜோப்புல ஒண்ணு. ஊருக்குத்தான் உபதேசம். பதினஞ்சு வருஷமா எல்லா அட்டைக்கும் உண்டான கோப்பையும் சேத்துச் சேத்து வெச்சிருக்கறேன். அப்பறம் எதுக்கு மூணரை மணி நேரம் அதை எடுக்காம உக்காந்திருந்தேன்? வீட்டுக்குள்ளயாவது சுத்தமா இருக்கோணுமாம். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். டப்பாவைக் கவுத்தா பொத்தான், பேட்டரி, மாத்திரை அட்டை, நித்திலாவோட பழைய கண்ணாடி பிரேமு, நீலப் பென்டிரைவ். சொருகினேன். கோப்பை எடுத்து அதுக்குண்டான எடத்துல போட்டேன். அட்டைய ஓட்டற டிரைவரை எறக்கிட்டு மறுபடியும் ஏத்துனேன். ரெண்டு நிமிசம் கூட ஆகல. மேல மூலையில விசிறியாட்டம் அந்தச் சின்னப் படம் வந்துருச்சு. அக்கம் பக்கத்து வீட்டு நெட்டுப் பேரெல்லாம் வரிசையா எறங்குது, டீச்சரு வீடு, மெடிக்கல் கடை, நடுவுல நம்மளது. அமுக்கினேன். கடவுச்சொல்லை உள்ளிடவும்ங்குது.

கடவுச்சொல். என்ன கடவுச்சொல்? எனக்குத் தெரியாது. இந்த வீட்டு நெட்டுக்குப் பாஸ்வேர்டு என்னன்னு எனக்குத் தெரியாது. எனக்கு! முப்பது வருஷம் லேப் நடத்துனவனுக்கு! மாடியில கேபிள்காரன் பெட்டிய மாட்டிட்டுப் போனப்ப நித்திலாதான் வெச்சா, அவதான் இந்தக் கம்ப்யூட்டர்லயும் ஒரு தடவை அடிச்சு விட்டா, அதுலேர்ந்து அது தானா நெனப்புல வெச்சுக்கிட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த நெனப்பைத்தான் நேத்து உறுதி, உறுதின்னு அடிச்சுத் தொடைச்சேன். கலாமணியைக் கூப்புட்டுக் கேட்டா ஒரு நிமிசம். கேக்கல. நானே கண்டுபுடிச்சுருவேன்னு நெனைச்சேன். நித்திலா பொறந்த தேதி. தப்பு. வீட்டு நம்பரும் வீதிப் பேரும். தப்பு. பழைய லேண்ட்லைன் நம்பரு. தப்பு. எங்க கல்யாண நாளு. அது எனக்கே சரியா ஞாபகமில்ல, ரெண்டு விதமா அடிச்சேன், ரெண்டுந் தப்பு. என்ற பேரு. சும்மா அடிச்சுப் பாத்தேன், யாருமில்லாத வீட்டுல எனக்கே வெக்கமா இருந்துச்சு. தப்பு. பத்து மணி அஞ்சு நிமிசம். பொத்தான் போனை எடுத்தேன். நாலு தடவை மணியடிச்சப்பறம் கலாமணி எடுத்தா. பின்னால ஒரே சத்தம், டிவியில எவனோ இங்கிலீஷுல பேசறான், சுலோச்சனா சிரிக்கறா. "ஏனுங்க, சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கறாங்க, வெசையாச் சொல்லுங்க." "கலாமணி, வைஃபை வந்துருச்சு. பாஸ்வேர்டு என்ன?" எந்திரிச்சு வெளிய வந்துட்டா போலிருக்குது, சத்தம் கொறைஞ்சுது. "வேண்டாங்க, பொறப்பட்டு இங்கயே வந்துருங்க. மாலை மாத்தறதுக்குள்ள வந்தர்லாம்." "பாஸ்வேர்டைச் சொல்லு புள்ள!" ஒரு பெருமூச்சு. "எல்லாஞ் சின்ன எழுத்துங்க. ஈ." அடிச்சேன். "எல்." அடிச்சேன். "ஏ. எம்." அடிச்சேன். "ஏ. ஆர்." வெரல் நின்னுபோச்சு.

"அடிச்சீங்களா? ஏ, என். அப்பறம் ரெண்டாயிரத்திப் பதினெட்டு." "கலாமணி." "சொல்லுங்க." "இது யாரு பேரு?" "மாப்பிள்ளை பேருதானுங்க." மாப்பிள்ளைன்னு சொல்றா. எவ்வளவு லேசாச் சொல்றா. "அது என்ன ரெண்டாயிரத்திப் பதினெட்டு?" "அவங்க பழக ஆரம்பிச்ச வருஷம். அடிங்க, நேரமாகுது." "இதை எப்ப வெச்சா?" "நெட்டுப் போட்ட அன்னைக்கேங்க." நெட்டுப் போட்டு அஞ்சு வருஷமாச்சு. அந்தப் பையன் வந்து இந்த நாற்காலியில உக்காந்ததுக்கும் முந்தி. அஞ்சு வருஷமா அவன் பேரைப் போட்டுத் தொறந்துதான் நான் மெயில் பாத்திருக்கறேன், கட்டுரை எழுதி அனுப்பியிருக்கறேன், சமத்துவம் பத்தி. "உனக்குத் தெரியுமா இது?" "போன்ல போடறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுக்காம எப்படிங்க. சுலோச்சனாவுக்குத் தெரியும். உங்க சகலைக்குத் தெரியும், இங்க வந்தாப் போன்ல போட்டுக்குவாரில்ல. டீச்சரு வீட்டுல கரண்டில்லாதப்ப அவங்க புள்ளைக கூட வந்து..." "எனக்கு மட்டும் எதுக்குச் சொல்லல?" நான் கத்திட்டேன் போலிருக்குது. அவ கத்தல. காலைல மாதிரியேதான், மெதுவா. "நீங்க கேக்கலீங்க. ஒரு நாளைக்கு அப்பா பாஸ்வேர்டு என்னன்னு வந்து கேப்பாரும்மா, அன்னைக்குச் சொல்லிர்றேன், எல்லாத்தையுஞ் சொல்லிர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கூடச் சொன்னேன், போயிச் சொல்லீர் கண்ணு, எத்தன நாளைக்குன்னு. இல்லம்மா, கேக்கட்டும்னா. நீங்க யாருகிட்டயும் எதையுங் கேக்க மாட்டீங்களே." என்ற வெரல் அந்த ஆர் எழுத்து மேலயே இருக்குது. தெரையில அஞ்சு புள்ளி. இன்னும் மூணு எழுத்து, நாலு நம்பரு. அடிக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்? அடிக்கல. அஞ்சு வருஷமா என்னைய முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களா, குடும்பமே சேந்துக்கிட்டு, அப்படின்னு ஏதோ பேசினேன், பேசிக்கிட்டே இருந்தேன், என்ன பேசினேன்னு இப்பக் கேட்டாச் சொல்ல வராது. அப்பப் போனுக்குள்ள கை தட்டற சத்தம் கேட்டுச்சு. எவனோ விசிலடிச்சான். சென்னியப்பன் கொரல், "அப்படிப் போடு!"

"ஆச்சுங்க"ன்னா கலாமணி. "மாலை மாத்திட்டாங்க." அவளும் பாக்கல. என்ற பேச்சைக் கேட்டுக்கிட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்திருக்கறா, அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு. அது எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. என்னமோ சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள உள்ளேர்ந்து சுலோச்சனா கூப்புடறா, "அக்கா, ஓடியா, உன்னையக் கேக்கறா பாரு." செருப்புச் சத்தம், கதவு, கும்பலு. அப்பறம் டிவிக்குள்ளேர்ந்து, அத்தன சத்தத்துக்கும் நடுவுல, ரெண்டு வருஷங் கழிச்சு அந்தக் கொரல். நித்திலா என்ன சொல்றாள்னு வெளங்கல, கொரல் மட்டுங் கேக்குது. கலாமணி அவகிட்ட என்னமோ சொன்னா, மூக்கை உறிஞ்சினா, மறுபடியும் போனைக் காதுல வெச்சா. "ஏனுங்க. அப்பா பாத்தாரான்னு கேக்கறா. என்னன்னு சொல்லட்டும்?" பாத்தேன்னு சொல்லிர்லாம். கலாமணி காட்டிக் குடுக்க மாட்டா. வைஃபை வரலைன்னு சொல்லிர்லாம், ஒயர் ஓட்டை செத்துப் போச்சு, ஃபர்ம்வேர் இல்ல, எல்லாமே நெசந்தான், ஒண்ணு கூடப் பொய்யில்ல.

"பாக்கலைன்னு சொல்லு"ன்னேன். "பாஸ்வேர்டே இப்பத்தான் கேட்டாருன்னு சொல்லு."